'சும்மா விசாரணைதான், வந்துட்டுப் போங்க': உஷார்!

வேளச்சேரியில் பி.ஜி.யிலோ, வாடகை வீட்டிலோ, சொந்த ஃபிளாட்டிலோ இருப்பவர்களே, இதை ஒரு தடவை நிதானமாகப் படித்துவிடுங்கள். "உங்களை அரெஸ்ட் பண்றோம்" என்று போலீஸ் சொன்னால்கூட அவ்வளவு பதற வேண்டாம். அதைவிடப் பதற வேண்டிய பேச்சு ஒன்று உண்டு. "ஒண்ணுமில்ல தம்பி, சின்ன விசாரணை. ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க. அரை மணி நேரந்தான்."

கைது என்று எழுதிவிட்டால் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும், வீட்டுக்குச் சொல்லியாக வேண்டும், டாக்டரிடம் காட்டியாக வேண்டும், தாளில் எழுதியாக வேண்டும். 'சும்மா விசாரணை' என்று கூட்டிப்போனவருக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது. எந்த ரிஜிஸ்டரிலும் பேர் இருக்காது. வீட்டிலிருந்து போய்க் கேட்டால், "அப்படி யாரும் இங்க வரலையேம்மா" என்று ரைட்டர் சொல்ல முடியும். தமிழ்நாட்டில் சமீபத்தில் ஊரையே உலுக்கிய மரணங்களைப் பாருங்கள். பெரும்பாலும் நடந்தது அந்தப் பேர் எழுதாத நேரத்தில்தான்.

2025 ஜூன் கடைசி. சிவகங்கை மாவட்டம் மடப்புரம் பத்ரகாளியம்மன் கோயிலில் காவலாளியாக இருந்த அஜித்குமார். கோயிலுக்குக் காரில் வந்த ஒருவரின் நகை காணாமல் போனதாகப் புகார். தனிப்படை போலீஸ் அவரை விசாரணைக்கு என்று கூட்டிப் போனது. அடுத்த நாளே பிணம். கோயிலுக்குப் பின்னால் அவரை அடிப்பதை யாரோ ஜன்னல் வழியாக எடுத்த வீடியோ மட்டும் இல்லாதிருந்தால், வழக்கமான 'வலிப்பு வந்து விழுந்தார்' கதையோடு அது முடிந்திருக்கும். உடலில் 44 காயங்கள். யார் உத்தரவில் தனிப்படை இந்தப் புகாரைக் கையில் எடுத்தது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கேட்டது. வழக்கு சிபிஐக்குப் போனது. எல்லாம் சரி, ஆள் போய்விட்டார்.

அது தென்மாவட்டக் கதை, சென்னையில் இப்படி நடக்காது என்று நினைக்கிறீர்களா? 2022 ஏப்ரல் 18 ராத்திரி, கெல்லீஸ் பக்கம் வாகனச் சோதனை. ஆட்டோவில் வந்த விக்னேஷ் என்ற இளைஞரையும் அவருடைய நண்பரையும் பிடித்து, தலைமைச் செயலகக் காலனி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் விக்னேஷ் உயிரோடு இல்லை. முதலில் உடம்பு சரியில்லாமல் போய்விட்டதாகச் சொன்னார்கள். பிரேதப் பரிசோதனையில் காயங்கள் தெரிந்ததும் வழக்கு சிபிசிஐடிக்குப் போய், கொலை வழக்காகி, போலீஸ்காரர்களே கைதானார்கள். இரவில் யாரையும் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது என்று அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு அறிவுறுத்தல் அனுப்பினார். அறிவுறுத்தல் ஸ்டேஷன் சுவரில் ஒட்டப்பட்டதா, அங்கே இருப்பவர்கள் மனதில் ஒட்டியதா என்பது வேறு விஷயம்.

நம் ஏரியாவுக்கு வருவோம். 2012இல் இங்கே இருந்தவர்களுக்கு நேரு நகர் என்றால் ஒரு ராத்திரி ஞாபகம் வரும். ஜனவரி 23ஆம் தேதி பெருங்குடியில் பாங்க் ஆஃப் பரோடாவில் கொள்ளை. பிப்ரவரி 20ஆம் தேதி கீழ்க்கட்டளையில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியில் இன்னொன்று. 22ஆம் தேதி போலீஸ் ஒரு சந்தேக நபரின் வீடியோ படத்தை வெளியிட்டது. அன்று நள்ளிரவு தாண்டி, வேளச்சேரி நேரு நகரில் ஒரு வாடகை வீட்டுக்குள் ஐந்து வட மாநில இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சரணடையச் சொன்னோம், உள்ளேயிருந்து சுட்டார்கள், திருப்பிச் சுட்டோம் என்றது போலீஸ். இரண்டு இன்ஸ்பெக்டர்களுக்குக் காயம். அப்போதைய கமிஷனர் ஜே.கே. திரிபாதி. தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது, உயர் நீதிமன்றத்துக்கும் விவகாரம் போனது.

அந்த ஐவர் கொள்ளைக்காரர்களா இல்லையா என்பதை ஒரு கோர்ட்டில் வைத்து நிரூபிக்கவே வழியில்லாமல் போனது. கைது நடக்கவில்லை, எனவே கைதானவருக்கான உரிமை என்ற பேச்சுக்கே இடமில்லை. மறுநாள் தெருவில் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வங்கியில் பணம் போட்டவர்களின் பயம் பொய்யில்லை. ஆனால் அதற்கப்புறம் நடந்ததைக் கவனியுங்கள். வாடகைக்கு இருப்பவர்களின் விவரத்தை ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும் என்று வீட்டுக்காரர்களுக்கு உத்தரவு வந்தது. வட இந்தியப் பையன் என்றால் வீடு இல்லை என்ற பேச்சு தெருத்தெருவாகப் பரவியது. சந்தேகப்படுவதற்கு முகமும் மொழியும் போதும் என்ற நிலைமை ஒரு ஊரில் வந்துவிட்டால், அடுத்த சந்தேகம் யார் மேல் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டு வருடம் கழித்து, 2014 செப்டம்பரில், மகாராஷ்டிர என்கவுன்டர்கள் பற்றி மக்கள் சிவில் உரிமைக் கழகம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 16 வழிமுறைகள் சொன்னது. ஒவ்வொரு என்கவுன்டர் மரணத்துக்கும் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், வேறு ஸ்டேஷனோ சிஐடியோ விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை வேண்டும் என்பன அவற்றில் சில. நேரு நகர் ஐவருக்கு அது காலம் கடந்து வந்தது.

சரி, உங்களுக்கு ஃபோன் வருகிறது. கொள்ளையெல்லாம் வேண்டாம். விஜயநகர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பைக் உரசல், அட்வான்ஸைத் திருப்பித் தராத வீட்டுக்காரரோடு வாய்த்தகராறு, பிரிந்துபோன மனைவி வீட்டாரின் புகார், நண்பனுக்கு வாங்கிக் கொடுத்த சிம் கார்டு. நம்மைப் போன்றவர்களை ஸ்டேஷன் படியேற வைப்பது இந்த மாதிரி விஷயங்கள்தான். "சார், எந்த ஸ்டேஷன், உங்க பேர் என்ன, சி.எஸ்.ஆர். நம்பரா எஃப்.ஐ.ஆர். நம்பரா?" என்று கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள். சி.எஸ்.ஆர். என்றால் மனு வந்திருக்கிறது, இன்னும் வழக்கு ஆகவில்லை. எஃப்.ஐ.ஆர். என்றால் குற்ற எண் இருக்கும். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே பெரும்பாலான எஃப்.ஐ.ஆர்.களைப் பார்க்கலாம். எந்த ஸ்டேஷன் என்று கேட்பதிலும் அர்த்தம் உண்டு. வேளச்சேரி சென்னை கமிஷனர் எல்லை. பள்ளிக்கரணை தாண்டினால் தாம்பரம் கமிஷனர். எந்த எண்ணும் சொல்லாமல், "வாங்க, நேர்ல பேசிக்கலாம்" என்றால் அங்கேயே சிவப்பு விளக்கு எரிய வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் பழைய சிஆர்பிசி போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதுச் சட்டம் வந்திருக்கிறது. நாக்கு சுளுக்கும் பேர்தான். வக்கீல்களே பிஎன்எஸ்எஸ் என்றுதான் சொல்கிறார்கள். அதில் 179ஆவது பிரிவை மனதில் வையுங்கள். சாட்சியாக யாரையாவது கூப்பிடுவதென்றால் எழுத்தில் உத்தரவு வேண்டும். பெண்கள், 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பையன்கள், 60 வயது தாண்டிய ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயில் இருப்பவர்கள், இவர்கள் யாரையும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்ல முடியாது. அவர்கள் இருக்கும் வீட்டுக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும். அவர்களாக வருவேன் என்றால் வேறு. "அம்மாவையும் கூட்டிட்டு வாங்க, ரெண்டு வார்த்தை கேக்கணும்" என்று சொல்வதற்குச் சட்டத்தில் இடமில்லை.

இது சாமானியர்களுக்கு மட்டும் நேர்வது என்று எண்ண வேண்டாம். ஒடிசாவின் முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதியையே 1977இல் கட்டாக்கில் ஸ்டேஷனுக்கு வரவழைத்து, எழுதிக் கொடுத்த கேள்விகளுக்குப் பதில் சொல் என்றார்கள். சொல்ல மறுத்ததற்கு வழக்குப் போட்டார்கள். 1978இல் அந்த வழக்கில் தீர்ப்பெழுதிய நீதிபதி கிருஷ்ணய்யர், பெண்ணை ஸ்டேஷனுக்கு வரவழைத்ததையே கண்டித்தார். தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை கோர்ட்டில் மட்டுமல்ல, போலீஸ் விசாரணையிலேயே தொடங்கிவிடுகிறது என்றும், வக்கீலோடு கலந்து பேச விட வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. அரசியல் சாசனத்தின் 20(3) தரும் உரிமை அது.

உங்கள் மேலேயே சந்தேகம் என்றால் பிஎன்எஸ்எஸ் 35ஆவது பிரிவு. ஏழு வருடம் வரைக்கும் தண்டனை உள்ள குற்றங்களில் பிடித்த கையோடு கைது செய்யக் கூடாது, எதற்காகக் கைது அவசியம் என்று எழுத வேண்டும், அவசியம் இல்லையென்றால் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அர்னேஷ் குமார் வழக்கில் 2014இலேயே உச்ச நீதிமன்றம் இதை அடித்துச் சொல்லிவிட்டது. மேலே சொன்ன தெருச் சண்டை, அட்வான்ஸ் தகராறு, குடும்ப வழக்கு எல்லாம் அநேகமாக இந்த வரம்புக்குள் வருபவை. நோட்டீஸ் வந்தால் கட்டாயம் போங்கள், தேதி தவறாமல் போங்கள். போகாமல் இருந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். மூன்று வருடத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றமாக இருந்து, ஆள் 60 வயதைத் தாண்டியவரோ உடல் தளர்ந்தவரோ என்றால், டிஎஸ்பி அந்தஸ்தில் இருப்பவரின் முன் அனுமதி இல்லாமல் கைதே கூடாது. இது புதுச் சட்டத்தில் வந்த நல்ல காரியம்.

நல்லதல்லாத ஒன்றும் வந்திருக்கிறது. 172ஆவது பிரிவு. போலீஸ் சொல்லும் சட்டப்படியான கட்டளைக்கு ஒருவர் பணியவில்லை என்றால் அவரை அப்புறப்படுத்தலாம், பிடித்து வைக்கலாம், சின்ன விஷயமென்றால் 24 மணி நேரத்துக்குள் விட்டுவிடலாம். இதைக் கைது என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. என் கவலை அங்கேதான். நூறடிச் சாலையில் வண்டியை எடு என்று சொன்ன போலீஸ்காரரிடம் எதிர்த்துப் பேசுகிறவர், ராத்திரி முழுக்க ஸ்டேஷனில் உட்கார்ந்துவிட்டு, கைதுப் பதிவே இல்லாமல் காலையில் வெளியே வர முடியும். ரோட்டில் சட்டம் பேசி ஜெயிக்க நினைக்காதீர்கள். அந்த இடத்தில் பணிந்து போங்கள், சண்டையைத் தாளில் போடுங்கள்.

இனி நிஜமாகவே கைது என்று வைத்துக்கொள்வோம். ஹாலிவுட் படம் பார்த்துப் பழகிய பிள்ளைகள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 'நீங்கள் பேசாமல் இருக்கலாம், பேசுவதெல்லாம் உங்களுக்கு எதிராகப் பயன்படும்' என்று நம் ஊர் போலீஸ் யாரும் படித்துக் காட்டப் போவதில்லை. அது அமெரிக்காவில் எர்னெஸ்டோ மிராண்டா வழக்கில் 1966இல் வந்த விதி. அரிசோனாவில் 1963இல் பிடிபட்டவர் அவர், அந்தத் தீர்ப்புக்கப்புறம் மறுவிசாரணையில் திரும்பவும் தண்டனை பெற்றார். 1976இல் ஒரு மதுக்கடைச் சண்டையில் குத்திக் கொல்லப்பட்டபோது, சந்தேகத்தில் பிடிபட்டவருக்கு அதே விதியைப் படித்துக் காட்டினார்கள். இங்கே பேசாமல் இருக்கும் உரிமை உண்டு. அதை வாய்விட்டுச் சொல்லும் கடமை மட்டும் போலீசுக்கு இல்லை. தெரிந்தவருக்குத்தான் அந்த உரிமை.

அதற்குப் பதிலாக நம் சட்டம் வேறு சிலவற்றைச் சொல்லச் சொல்கிறது. எதற்காகக் கைது, ஜாமீனில் விடக்கூடிய குற்றமா, யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும். பிஎன்எஸ்எஸ் 47, 48. வெறும் வாயால் சொன்னால் போதாது என்று உச்ச நீதிமன்றம் படிப்படியாக இறுக்கிக்கொண்டு வருகிறது. நியூஸ்கிளிக் ஆசிரியர் பிரபீர் புர்காயஸ்தாவை 2023 அக்டோபரில் கைது செய்தபோது காரணத்தை எழுத்தில் கொடுக்கவில்லை. 2024 மே 15 அன்று அந்தக் கைதே செல்லாது என்றது கோர்ட். 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கு. ஹரியாணாவில் ஆஸ்பத்திரிக் கட்டிலோடு சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள் அவரை. அங்கேயும் காரணம் சொல்லாத கைது சட்டவிரோதம் என்றார்கள். 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். எந்தக் குற்றமானாலும் கைதுக்கான காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும், அதுவும் கைதானவருக்குப் புரிகிற மொழியில். உடனே முடியாவிட்டால், மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது கையில் கொடுத்திருக்க வேண்டும்.

புரிகிற மொழியில் என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். தரமணி இணைப்புச் சாலையில் கட்டட வேலை செய்யும் பீகார் பையனுக்குத் தமிழில் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால் செல்லாது. உங்களுக்கு இங்கிலீஷ் வராதென்றால் இங்கிலீஷிலும் செல்லாது. மேற்பார்வையாளர்களும் வீட்டுக்காரர்களும் இதை அந்தப் பையன்களுக்குச் சொல்லி வைத்தால் புண்ணியம்.

அரெஸ்ட் மெமோ என்ற தாளும் இருக்கிறது. கைது செய்த நேரம், தேதி, குடும்பத்தினரோ தெருவில் மதிப்புள்ள ஒருவரோ போட்ட சாட்சிக் கையெழுத்து, கைதானவரின் கையெழுத்து. பிடிக்க வருகிறவர் பேர் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும். மஃப்டியில் நாலு பேர், நம்பர் பிளேட் சரியாகத் தெரியாத கார் என்றால் குரலை உயர்த்திப் பேர் கேளுங்கள், நாலு பேர் காதில் விழட்டும். இந்த விதிகளெல்லாம் வந்த கதை சுவாரசியமானது. மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றை நடத்திய டி.கே. பாசு, லாக்கப் சாவுகள் பற்றிப் பத்திரிகைச் செய்திகளைப் படித்துவிட்டு 1986 ஆகஸ்டில் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதையே மனுவாக எடுத்துக்கொண்ட உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 18 அன்று 11 கட்டளைகளைப் பிறப்பித்தது. ஒரு கடிதத்துக்குப் பதில் வர பத்து வருடம். ஆனால் இன்றைக்கும் எந்த ஸ்டேஷனிலும் "டி.கே. பாசு" என்று சொன்னால் எதிரில் இருப்பவர் ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்பார்.

மெமோவில் முதலில் நேரத்தைப் பாருங்கள். ஏன்? காலை பத்து மணிக்குக் கூட்டிப் போய்விட்டு, மெமோவில் மறுநாள் மாலை ஐந்து மணிக்கு, ஏதோ ஒரு பஸ் ஸ்டாப்பில் சந்தேகத்துக்கு இடமாக நின்றபோது பிடித்ததாக எழுதுவது பழைய வித்தை. 24 மணி நேரக் கணக்கை அந்த ஒரு வரி விழுங்கிவிடும். கையெழுத்துப் போடுவதற்கு முன் நேரம் தப்பாக இருந்தால், கையெழுத்துக்குப் பக்கத்திலேயே சரியான நேரத்தை எழுதுங்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்துக் கேட்டால் முடியாது என்று சொல்லுங்கள். சாட்சியிடம் போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்தை வாங்கவே கூடாது, 181ஆவது பிரிவு. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. அதன் பேரில் ஒரு பொருளைக் கண்டெடுத்தார்கள் என்றால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும். ஆகவேதான் 'இந்தப் புதர்ல இருந்து கத்திய எடுத்துக் கொடுத்தார்' என்ற வரி இத்தனை வழக்குகளில் வருகிறது.

பெண்களைச் சூரியன் மறைந்து உதிக்கும் வரைக்கும் கைது செய்யக் கூடாது, தவிர்க்க முடியாதென்றால் பெண் அதிகாரி, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி என்பது சட்டம். ஆனால் உஷார், 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இது வழிகாட்டும் விதிதான், மீறினால் கைதே செல்லாமல் போய்விடாது என்று சொல்லியிருக்கிறது. மீறிய அதிகாரி விளக்கம் சொல்லத்தான் வேண்டும். ராத்திரியில் கதவைத் தட்டினால் 'சட்டம் இருக்கு, வர முடியாது' என்று தாழ்ப்பாளை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள், அந்த நேரத்திலேயே வக்கீலுக்கு ஃபோன் போடுங்கள்.

ஃபோன் என்றதும் ஞாபகம் வருகிறது. பிடித்ததும் செல்ஃபோனைத்தான் முதலில் வாங்கி வைப்பார்கள். "யாருக்குச் சொல்லணும், நம்பர் சொல்லு" என்று நல்ல ஏட்டு ஒருவர் கேட்டே விடுகிறார் என்று வையுங்கள். உங்களுக்கு எத்தனை நம்பர் மனப்பாடமாகத் தெரியும்? மழை எச்சரிக்கை வந்தவுடன் காரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்துகிற ஊர் நம் வேளச்சேரி. அந்த முன்ஜாக்கிரதையில் பத்தில் ஒரு பங்கு போதும், வீட்டு நம்பர் ஒன்று, தெரிந்த வக்கீல் நம்பர் ஒன்று. வக்கீல் யாரும் தெரியாதென்றால் 15100, இலவச சட்ட உதவி எண். கைதானவர் பணக்காரரா ஏழையா என்றெல்லாம் அங்கே பார்க்க மாட்டார்கள், காவலில் இருப்பவர் யாரானாலும் இலவச வக்கீலுக்கு உரிமை உண்டு.

அடுத்தது ரிமாண்ட். அநேகமாக சைதாப்பேட்டை கோர்ட்டிலோ, லீவு நாளென்றால் மாஜிஸ்திரேட் வீட்டிலோ, சில நிமிடங்களில் முடிந்துவிடும். உங்கள் வாய்க்குக் கிடைக்கும் முதல் சந்தர்ப்பமும் அதுதான், பல நாளைக்குக் கடைசிச் சந்தர்ப்பமும் அதுதான். "அடிச்சாங்களா?" என்று கேட்டால், பக்கத்தில் நிற்கும் போலீசைப் பார்த்துவிட்டு "இல்லைங்க ஐயா" என்று சொல்லாதீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள், சட்டையைத் தூக்கிக் காட்டுங்கள். சாத்தான்குளத்தில் 2020 ஜூன் 19 அன்று என்ன ஆனது? ஊரடங்கு நேரத்தைத் தாண்டிச் செல்ஃபோன் கடையைத் திறந்து வைத்ததாகச் சொல்லி ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் பிடித்தார்கள். தரையில் புரண்டதால் உள்காயம் என்று எஃப்.ஐ.ஆரிலேயே எழுதினார்கள். டாக்டர் சான்று கொடுத்தார். ரிமாண்டும் ஆனது. கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனவர்களில் மகன் 22ஆம் தேதி இரவும் அப்பா 23ஆம் தேதி விடியலிலும் இறந்தார்கள். தடுப்பதற்கென்று சட்டம் வைத்திருந்த இரண்டு கதவும், டாக்டரும் ரிமாண்டும், அன்றைக்குத் திறந்தே கிடந்தன. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் பாரதிதாசன், ஸ்டேஷன் சிசிடிவி பதிவு அன்றன்றைக்கே அழிந்துபோகும்படி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். உள்ளே நடந்ததைச் சாட்சி சொல்ல முன்வந்தவர் அங்கேயே வேலை பார்த்த தலைமைக் காவலர் ரேவதி. அந்த ஒரு பெண்ணின் தைரியம் இல்லாவிட்டால் என்னவாகியிருக்கும் என்று நினைத்தாலே நடுங்குகிறது.

அந்த வருடம் டிசம்பரில் எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கேமரா இல்லாத இடம் கழிப்பறை. அங்கேதான் நம் மாநிலத்தில் கைதிகள் மட்டும் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு வெளியே வருகிறார்கள். கைதிகளுக்கு மட்டும் வழுக்கும், போலீசுக்கு வழுக்காதா என்று 2025இல் உயர் நீதிமன்றமே கேட்டுவிட்டது. மாவுக்கட்டுப் படத்தைப் பார்த்துச் சிரித்து ஃபார்வர்டு செய்பவர்கள் நம்மில் ஏராளம். அந்தச் சிரிப்பு இருக்கும் வரைக்கும் அந்தக் கழிப்பறை வழுக்கிக்கொண்டுதான் இருக்கும்.

குண்டாஸ் என்றால் மேலே சொன்ன கணக்கெல்லாம் மாறும். 1982ஆம் வருடத்துத் தமிழ்நாடு சட்டம் 14. கமிஷனர் கையெழுத்தில் ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம். ஒருகாலத்தில் திருட்டு விசிடி விற்றவரையும் அதில் சேர்த்தார்கள். 24 மணி நேர விதி அங்கே செல்லாது. காரணத்தை ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும், ஆவணங்கள் புரிகிற மொழியில் படிக்கும்படி இருக்க வேண்டும். படிக்க முடியாத நகல், தமிழ் மொழிபெயர்ப்பு இல்லாத பக்கம் என்ற காரணங்களாலேயே எத்தனையோ உத்தரவுகள் உயர் நீதிமன்றத்தில் ரத்தாகியிருக்கின்றன. வீட்டார் ஒவ்வொரு பக்கத்தையும் வக்கீலிடம் காட்டுங்கள்.

கைதே இல்லாத கைது ஒன்று வாட்ஸப் வீடியோவில் வருகிறதே, அதையும் விடக் கூடாது. "மும்பை போலீஸ் பேசறோம், உங்க பார்சல்ல போதைப் பொருள், கேமராவை ஆஃப் பண்ணக் கூடாது, யார்கிட்டயும் சொல்லக் கூடாது, நீங்க டிஜிட்டல் அரெஸ்ட்." அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஹரியாணாவில் அம்பாலாவைச் சேர்ந்த மூத்த தம்பதியிடம் உச்ச நீதிமன்ற உத்தரவையே போலியாகக் காட்டி ஒரு கோடிக்கு மேல் பறித்துவிட்டார்கள். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்தது. நிஜப் போலீசே ஆஜராகச் சொல்லும் நோட்டீஸை வாட்ஸப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் அதே கோர்ட் சொல்லியிருக்கிறது. அதனால் வாட்ஸப்பில் வந்தது எதுவானாலும் துண்டித்துவிட்டு 1930க்கு அடியுங்கள். தண்டீஸ்வரம் பக்கம் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற அம்மா அப்பாக்களுக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். கைது என்றால் என்னென்ன நடக்கும் என்று தெரியாதவரிடம்தான் போலி போலீசும் விளையாட முடிகிறது, நிஜப் போலீசும் விளையாட முடிகிறது.

கடைசியாக, வீட்டில் இருப்பவர்களுக்கு. ஆளைக் கூட்டிப்போய் ஒரு மணி நேரமாகியும் தகவல் இல்லையென்றால், சிபாரிசுக்கு ஆள் தேடி அலைவதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் வக்கீலிடம் ஓடினால் அவர் முதலில் கேட்பது, "தந்தி கொடுத்தாச்சா?" கமிஷனருக்கும் தலைமை நீதிபதிக்கும் தந்தி. தபால் ஆபீஸ் முத்திரையில் நேரம் விழுந்துவிடும். பிறகு போலீஸ் எந்தப் பஸ் ஸ்டாப்பில் பிடித்ததாக எழுதினாலும் அந்த முத்திரை காட்டிக்கொடுக்கும். 2013 ஜூலையில் தந்தி நின்றுபோனது. இப்போது அந்த வேலையை மின்னஞ்சல் செய்யும். வேப்பேரி கமிஷனர் அலுவலகம், கிரீன்வேஸ் சாலையில் இருக்கும் மாநில மனித உரிமை ஆணையம், சைதாப்பேட்டை மாஜிஸ்திரேட், மூன்று இடத்துக்கும் ஒரே மெயில். 100க்கு ஃபோன் போட்டுச் சொன்னால் அதுவும் பதிவாகும். தெருமுனைக் கடைக்காரரிடம் கெஞ்சியாவது அன்றைக்கே சிசிடிவி பதிவை வாங்கி வையுங்கள், அடுத்த வாரம் போனால் இருக்காது. மெயிலில் அழுகையும் கோபமும் வேண்டாம். பேர், வயது, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எத்தனை பேர் வந்தார்கள், யூனிஃபார்மா மஃப்டியா, வண்டி நம்பர் என்ன, அப்போது உடம்பில் காயம் எதுவும் இல்லை என்ற ஒரு வரி. ஆட்கொணர்வு மனு போட வேண்டி வந்தால் வக்கீல் முதல் பக்கத்தில் வைக்கப்போவது அந்த மெயிலைத்தான்.